விட்ட குறை

முதல் தொகுதியை யாரோ ரயிலில் விட்டுப் போயிருந்தார்கள்.
மொரியோகா நிலையம், தொலைந்த பொருள் அறை, பிப்ரவரி.
சீட்டு எழுதிக் கட்டினேன்:
புத்தகம் ஒன்று, அட்டையில் உப்பளம், உரியவர் தெரியவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு குடைகளுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

இரவுப் பணியில் நாலு பக்கம் என்றுதான் பிரித்தேன்.
முடித்தபோது
முதல் ரயிலுக்காகத் தண்டவாளத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஹிரோமு, வயது நாற்பத்து மூன்று.
பள்ளிகளுக்கு மதிய உணவு கொண்டுபோகும் லாரி ஓட்டுபவன்.
இந்த வகைக் கதைகளில் லாரி மோதித்தான் சாவார்கள்.
லாரிக்காரனே சாவது எனக்குப் புதிது.

இரண்டு நிலா உள்ள நாட்டில்
உப்புக் காய்ச்சுகிறவள் வயிற்றில் மறுபடி பிறக்கிறான்.
புத்தகம் முழுக்க ஒரே ஒரு வருடம்.
கழுத்து நிற்கவில்லை, நாக்கு புரளவில்லை,
ஆனால் ஊரின் எல்லாச் சிக்னலும் நினைவிருக்கிறது.
பால் குடிக்கையில் அழுகிறான்.
வயிற்றுவலி என்று அவள் ஓமத் தண்ணீர் மாதிரி எதையோ புகட்டுகிறாள்.
வலி வேறு.
அன்று புதன்கிழமை.
ஐந்தரைக்கு நீச்சல் குளத்து வாசலில்
ஈரத் தலையோடு கொனோமி நின்றிருப்பாள், எட்டு வயது.
அவளை யார் கூட்டிப் போனார்கள்?

அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது.
நான் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

இரண்டாவதை விலை கொடுத்து வாங்கினேன். மூன்றாவதையும்.
மூன்றில், அடுப்புக் கரியால்
சுவரில் ஒரு கண்ணாடிக் கதவு வரைகிறான்.
இது என்ன என்று தாய் கேட்கிறாள்.
அந்த மொழியில் கண்ணாடிக்குச் சொல் இல்லை.
அந்தப் பக்கத்தை இன்னும் மடித்து வைத்திருக்கிறேன்.

நான்கில் ஒரு கிழட்டு மந்திரவாதி வந்து
இவன் சக்தி ஒன்பதாயிரம் என்றான்.
ஐந்தில் மாயக் கல்லூரி.
ஆறில் மூன்று இளவரசிகள், ஒருத்திக்கு நரி வால்,
மூவருக்கும் இவன்மேல்தான் காதல்.
ஏழில் போட்டி. எட்டில் அதே போட்டி, மழைக்குப் பிறகு.
உப்பு எங்கே போனது? அந்தத் தாய்?
கழுதை தேய்ந்து கட்டெறும்பானது.
கதையில் அவன் டிராகனாகிக்கொண்டிருந்தான்.

ஒன்பதில் செத்தான். சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை.
இரண்டே பக்கத்தில் திரும்பி வந்தான்,
அதே முகம், அதே வாள், முடி மட்டும் வெள்ளி.
சாவுக்கும் மதிப்பில்லாமல் போயிற்று.

“பிடிக்கலைன்னா விட்டுத் தொலையேன்,” என்றாள் உருஷிபாரா,
விதைப் பட்டியல்களைத் தவிர எதுவும் வாசிக்காதவள்.
நியாயம்தான்.
அவளிடம் நான் சொல்லாதது:
ஒவ்வொன்றிலும் முதலில் ஒரு பெயரைத்தான் தேடுகிறேன்,
ஓரத்தில் விரல் வைத்து,
முதியோர் இல்லத்துப் பெயர்ப்பலகை பார்ப்பதுபோல்.

பதினொன்றில் கிடைத்தது.
கொனோமி.
புது வாளுக்கு அவன் வைத்த பெயர்.

அன்று புத்தகத்தை அறைந்து மூடினேன்.
வரிசையில் நின்ற ஒருவர் தன் கையுறையைக் கேட்கத் தயங்கினார்.

எழுதியவர்மேல் கோபம் என்று சொல்ல முடியவில்லை.
வருடத்துக்கு மூன்று புத்தகம், கையில் பிடித்துக்கொண்டு யாரோ கேட்டிருப்பார்கள்.
நடு இரவில் அவருக்கும் ஒரு குளத்து வாசல் நினைவு வந்திருக்கலாம்.
வராமலும் இருக்கலாம்.

எங்கள் விதி எளியது:
மூன்று மாதம் ஆள் வராவிட்டால் பொருள் ஏலத்துக்குப் போகும்.
முதல் தொகுதியை நானே எடுத்தேன், நாற்பது யென்.

நேற்று ஒரு நீச்சல் பை வந்தது.
உள்ளே துண்டு, கண்ணாடி, பாதி தின்ற சோற்றுருண்டை.
பெயர் எழுதும் இடத்தில் ஒரு மீன் படம்.
ஈரப் பொருளை மூட்டையாகக் கட்டி வைக்கச் சொல்கிறது விதி.
நான் துண்டை ஹீட்டர்மேல் விரித்தேன்.
உருஷிபாரா பார்த்தாள், கடிகாரத்தையும் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.

பதினைந்தாவது ஜூனில் வருகிறதாம்.
முன்பணம் கட்டியிருக்கிறேன்.